மம்பட்டிக்குப் பிடி போடும்போது கையைக் கேளுங்கள்

போன வருஷம் கடையில் வாங்கிய மம்பட்டிப் பிடி பார்க்க அழகு, பளபளவென்று வார்னிஷ். இரண்டு பாத்தி வெட்டுவதற்குள் என் மனைவிக்கு உள்ளங்கையில் கொப்புளம். எனக்குச் சரியாக இருந்த பருமன் அவள் கைக்குப் பெரிது. அன்றிலிருந்து பிடியை நானே செதுக்குகிறேன்.

காய்ந்த கருவேலங்கட்டை எடுங்கள். பச்சைக் கட்டை வேண்டாம், காய்ந்து சுருங்கி மம்பட்டிக் காதில் (பிடி நுழையும் துளையில்) ஆடும். மரத்தின் ரேகை நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே போனால் ஓங்கிப் போடும்போது முறியும்.

பருமன்தான் முக்கியம். இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரலை லேசாகத் தொட வேண்டும். பெரும்பாலான கைகளுக்கு விட்டம் 30 முதல் 40 மில்லிமீட்டருக்குள் அடங்கும். தொடவில்லையா? கை இறுக்கிக்கொண்டே இருக்கும், சாயங்காலம் முன்கை கடுக்கும். மெல்லியதாக இருந்தாலும் அதே கதைதான். முழு உருண்டையாக விடாமல் கொஞ்சம் முட்டை வடிவில் செதுக்குங்கள். கையில் சுழலாது, வெட்டு எந்தப் பக்கம் என்று கண்ணை மூடினாலும் தெரியும்.

உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி (கையுறை போட்டுத்தான்), உப்புத்தாளால் தேயுங்கள். வார்னிஷ் அடிக்காதீர்கள், வியர்வை பட்டால் வழுக்கும். லின்சீட் ஆயிலை (ஆளி விதை எண்ணெய்) துணியால் மெல்லிசாக இரண்டு தடவை போதும். அந்தத் துணியை விரித்துக் காயப்போடுங்கள், சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம்.

கடைசியில் ஆப்பு அடித்து, மனைவியிடம் கொடுத்து நாலு வெட்டு வெட்டச் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் சீவு" என்றாள்.