விற்கும் முன் இரண்டு திருகைக் கழற்றுங்கள்

அமெரிக்காவில் பழைய ராணுவ ரைபிள் சேகரிப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கையில் இருப்பதைவிடக் கைவிட்டுப் போனதைப் பற்றித்தான் அதிகம் புலம்புவார்கள். சரியாகப் பார்க்காமல் விற்ற கதைகள் அதில் நிறைய.

பின்லாந்தின் எம்39 ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். குழலில் 1942 என்பதுபோல் ஒரு வருடம் இருக்கும். ஆனால் பின்லாந்துக்காரர்கள் பழைய ரஷ்ய மோசின் நாகன்ட் ரைபிள்களின் ரிசீவர்களை (குழல் பொருந்தும் உலோக நடுப்பகுதி) வைத்துத்தான் அதைச் செய்தார்கள். ரிசீவரின் பின்னால் நீளும் வாலின் அடிப்பக்கம், மரக்கட்டைக்குள் மறைவாக, அசல் வருடம் பொறித்திருக்கும். அது 1898 அல்லது அதற்கு முந்தையது என்றால், அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி அது 'ஆன்டிக்', அதாவது பழம்பொருள். விலையும் வேறு. உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டைகளை நகர்த்தி, இரண்டு திருகைக் கழற்றினால் தெரிந்துவிடும்.

சுவிஸ் ராணுவ ரைபிளான கே31 என்றால், கட்டையில் தோளில் பதியும் முனையில் உள்ள தகட்டைக் கழற்றுங்கள். சிலவற்றில் அதை வைத்திருந்த சிப்பாயின் பெயர் உள்ள சின்னச் சீட்டு கிடைக்கும். (நானாக இருந்தால் அதற்கப்புறம் விற்கவே மாட்டேன்.)

அப்புறம், பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுக் கட்டையைத் தேய்க்காதீர்கள். மரத்தில் குத்திய முத்திரை போனால் போனதுதான்.