மாலத்தீவுக்குப் பாய்ப்படகில்: நங்கூரச் சங்கிலியைக் கணக்குப் பார்த்து ஏற்றுங்கள்

வாடைக்காற்று நிலைத்து வீசும் டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரைதான் போக ஏற்ற காலம். இலங்கையின் காலித் துறைமுகத்திலிருந்து மாலத்தீவின் வடகோடிப் பக்கத்து உலிகமு தீவுக்கு ஏறக்குறைய 440 கடல்மைல். 5 நாட் (மணிக்கு 5 கடல்மைல்) வேகத்தில் நாலு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

நுழைவு அனுமதி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் ஏஜென்டைப் புறப்படுமுன்பே அமர்த்திவிட வேண்டும். போய்ச் சேர்ந்ததும், அனுமதிக்குக் காத்திருப்பதைக் காட்டும் மஞ்சள் கொடி ஏற்றி, விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் அழைத்துவிட்டு, அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. பதிவுச் சான்று, கடைசித் துறைமுகத்தின் அனுமதிச் சீட்டு, ஆட்கள் பட்டியல் எல்லாம் நாலைந்து நகல் இருக்கட்டும். மதுவை ஒரே பெட்டியில் அடுக்கி வையுங்கள், அதிகாரிகள் சீல் வைக்க வசதி. வேப் சாதனங்களுக்கு 2024 நவம்பரிலிருந்து தடை. வழிபாட்டுச் சிலைகளும் தடைப் பட்டியலில் உண்டு. படகில் பிள்ளையார் இருந்தால் மறைக்காமல் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு அரை மணி பின்னே தள்ளிக்கொள்ளுங்கள். வெள்ளியும் சனியும் விடுமுறை.

காகித வேலை ஏஜென்டோடு முடிந்துவிடும். தலைவலி நங்கூரத்தில்தான். வளையம் மாதிரி அமைந்த பவளத்திட்டுகளான பவளவட்டங்களுக்குள் கடல் 40, 50 மீட்டர் ஆழம் இருக்கும். பார், அதாவது பவளப்பாறை, அதிலிருந்து சுவர் மாதிரி எழும்பும். நடுவே மணல்திட்டு கிடைத்தாலும் ஆழம் 15, 20 மீட்டர். ஆழம் ஒன்றுக்குச் சங்கிலி ஐந்து என்று விட்டால் 20 மீட்டருக்கு 100 மீட்டர் சங்கிலி வேண்டும். 50 மீட்டரோடு வருகிறவர்களுக்குப் பாதி இடங்களில் நிற்க வழியில்லை.

சங்கிலியை அப்படியே விட்டாலும் வம்புதான். இரவில் காற்று திரும்பினால் படகு சுற்றும், சங்கிலி பவளக் குன்றில் மாட்டும். 75 மீட்டர் விட்டிருந்தாலும் மாட்டிய இடத்திலிருந்து படகுவரை இழுவைக்கு மிஞ்சுவது 20 மீட்டர்தான். அலை தூக்கும்போது அணியம் (படகின் முன்பக்கம்) வெட்டி இழுபடும், சங்கிலி ஓடும் உருளை வளையும், பவளமும் நொறுங்கும். அதனால் சங்கிலி அடியில் படாமல் தூக்கி நிற்க அதில் மிதவை கட்டுங்கள். 15 மீட்டர் ஆழமென்றால் நங்கூரத்தை அடுத்த 25 மீட்டர் சங்கிலி மணலில் கிடக்கட்டும், அதன்பின் 6 மீட்டருக்கு ஒரு மிதவை. 10 மி.மீ. சங்கிலி நீருக்குள் மீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ கனக்கும், ஆக மிதவை ஒவ்வொன்றும் 12 கிலோ தாங்க வேண்டும். 30 செ.மீ. விட்டமுள்ள கெட்டிப் பந்து போதும். படகு உரசாமல் பக்கத்தில் தொங்கவிடும் காற்றடைத்த ஃபெண்டர் உதவாது, கீழே போனால் சுருங்கிவிடும். ஒரு மீட்டர் கயிற்றில் கொக்கி போட்டு மாட்டினால், தூக்கும்போது சங்கிலி சுற்றும் விஞ்சில் சிக்குமுன் கழற்றலாம். பின்னோக்கி எஞ்சின் கொடுத்து இழுத்துப் பார்த்ததும் முகக்கண்ணாடி போட்டு இறங்கி, நங்கூரத்தின் கொழு (மண்ணில் குத்தும் முனை) மணலில் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பவளவட்டத்துக்குள் நுழைவது காலை 10 முதல் மாலை 3 வரை, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்போது. போலரைஸ்டு கண்ணாடியோடு ஒருவர் அணியத்தில் நிற்க வேண்டும். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு பார். மேக நிழலும் பழுப்பாகத்தான் தெரியும், நகர்ந்தால் மேகம். காற்றே இல்லாத நாள் இன்னும் மோசம், நீர் கண்ணாடியாகி அடி தெரியாது. வரைபடத்தில் 'கிரி' என்றிருந்தால் மேல்மட்டத்தை ஒட்டிய பார், விலகிப் போங்கள். 'தில' அதைவிட ஆழத்தில் இருக்கும். 'கந்து' என்பது கால்வாய். வாடைக் காலத்தில் நீவாடு (கடல் நீரோட்டம்) பொதுவாகக் கிழக்குக் கந்துகளில் புகுந்து மேற்கில் வெளியேறும். வெளியேறும் நீர் எதிர் அலையோடு மோதும் இடத்தில் நின்று குதிக்கும் அலைகளைப் பார்த்தால் காத்திருங்கள்.

வரைபடத்தை மட்டும் நம்பாமல் செயற்கைக்கோள் படங்களை முன்கூட்டியே இறக்கி, ஓபன்சிபிஎன் என்ற கடல்வழி காட்டும் மென்பொருளில் ஏற்றுங்கள். உள்ளே வந்த தடத்தைப் பதிவு செய்து வையுங்கள். நள்ளிரவில் நங்கூரம் பிடி விட்டு இழுபட்டு வெளியேற நேர்ந்தால், நம்பிப் போகக்கூடிய ஒரே வழி அந்தக் கோடுதான்.