மின்சாரம் போன இரவும் முட்டை அட்டைச் சுங்காவும்

2021 டிசம்பர் 16 அன்று ஒடெட் புயல் பிலிப்பைன்ஸின் செபுவைப் புரட்டிப் போட்டபின், எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. போனில் சார்ஜும் இல்லை; பிள்ளைகள் இருவரும் ஒரே நச்சரிப்பு. வீட்டுக்காரப் பாட்டியை லோலா என்றுதான் கூப்பிடுவோம். அவர், "சுங்கா ஆடலாமே" என்றார். ஆனால் அவருடைய மரப்பலகை மழையில் ஊறி வெடித்திருந்தது.

சுங்கா கிட்டத்தட்ட நம் பல்லாங்குழிதான். பக்கத்துக்கு 7 குழி, குழிக்கு 7 சோழி, ஆக 98. இரு முனையிலும் பெரிய குழி ஒவ்வொன்று. முட்டை அட்டையில் இரண்டு வரிசை வெட்டினேன். வரிசைக்கு ஆறு குழிதான் வந்தது. மிச்ச அட்டையிலிருந்து ஒரு ஜோடியை டேப் போட்டு ஒட்டினேன். முனைகளில் கிண்ணம், சோழிக்குப் புளியங்கொட்டை. மெழுகுவர்த்தியில் கொட்டை சரியாகத் தெரியவில்லை. அப்புறம் டார்ச்சை நிமிர்த்தி, அதன்மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தேன். மேசை முழுக்க வெளிச்சம் பரவியது.

முதல் சுற்றில் இருவரும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். லோலாவின் விரல்கள் பறந்தன, பெரியவன் வாய் பிளந்து பார்த்தான். சின்னவளோடு அவர் பிடிக்-புலாக் ஆடினார்: அவள் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்வாள், லோலா அந்தக் கையைச் சுண்டிவிட்டு விரல்களைக் காட்டுவார். அதே எண்ணிக்கையை அவள் மறுகையில் காட்டிவிட்டால், கண்ணை மூடுவது லோலாவின் முறை. மெழுகுவர்த்தி தீரும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.