பெங்களூரில் உங்கள் முதல் சிறார் நூலைக் குழந்தைகளிடம் கொண்டுசேர்ப்பது எப்படி?

பெங்களூரில் வளரும் தமிழ்க் குழந்தைகள் பலருக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசவும் வரும். எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வராது. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும், பல இடங்களில் இந்தியும் படிக்கிறார்கள். ஆகவே உங்கள் கதையைக் கேட்பது குழந்தை, படித்துக் காட்டுவது பாட்டியோ அப்பாவோ, வாங்குவது பெரும்பாலும் அம்மா. அட்டைப்படத்தை வாட்ஸ்அப்பில் போட்டால் வாழ்த்துகள் குவியும், பிரதிகள் நகராது. சத்தமாக வாசித்துக் காட்டும் இடத்தில்தான் நகரும். உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குங்கள்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். ஆகஸ்டில் புத்தகம் கையில் இருந்தால் நவராத்திரி, நவம்பர் 14 குழந்தைகள் தினம், டிசம்பர் புத்தகச் சந்தைகள், பொங்கல் என்று வாய்ப்புகள் வரிசையாக வரும். பிப்ரவரி, மார்ச்சில் அச்சாகி வந்தால் பள்ளிகளில் தேர்வுக் காலம், யாரும் நேரம் தரமாட்டார்கள். பிறகு கோடை முகாம்களை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும்.

வெளியீட்டு விழாவைச் சுருக்கமாக வையுங்கள். வாழ்த்துரைக்கு ஒருவர் போதும், ஐந்து நிமிடம் போதும். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நடத்தினால் மூத்த வாசகர்கள் வருவார்கள், பேரன் பேத்திகளுக்கு வாங்கிப்போவார்கள். குழந்தைகளே வேண்டுமென்றால் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி, சர்ஜாபூர் சாலை அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நீங்கள்தான் போக வேண்டும். அங்கே பொங்கல் விழா நடத்தும் தமிழ்க் குழுவைப் பிடியுங்கள். கிளப் ஹவுஸ் என்ற பொதுக்கூடத்தின் அறையைப் பெரும்பாலும் அங்கே குடியிருப்பவர் பெயரில்தான் பதிவு செய்ய முடியும். சனிக்கிழமை காலை பத்தரை மணி நல்ல நேரம். மாலையில் வைத்தால், அதுவும் செப்டம்பர், அக்டோபரில், மழையும் நெரிசலும் சேர்ந்து பாதிப் பேரை வழியிலேயே நிறுத்திவிடும். கப்பன் பூங்கா மர நிழலில் வாசிக்க ஆசை வரும். அது தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருக்கும் இடம். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே விற்பனை மட்டும் வேண்டாம்.

வாசிப்பு நிகழ்ச்சியை நாலு முதல் ஏழு வயதுக்கென்று அறிவியுங்கள். 25 குழந்தைகளுக்கு மேல் சேர்த்தால் பின்வரிசைக்குப் படம் தெரியாது, தெரியாதவர்கள் எழுந்து ஓடுவார்கள். மொத்தம் 40 நிமிடம். கைதட்டும் பாட்டு ஒன்று, பிறகு கதை, பிறகு வரைதல். 32 பக்கப் படப்புத்தகத்தை அவசரமில்லாமல் வாசிக்க 12 நிமிடம் பிடிக்கும்.

வாசிக்கும்போது படம் குழந்தைகளைப் பார்த்திருக்க வேண்டும், எழுத்து உங்கள் கண்ணில் பட வேண்டும். இதற்கு ஒரு பிரதியைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். எழுத்துகளைப் பெரிதாக அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்துக்குமான வரியை வெட்டி, கெட்டி அட்டையில் வரிசையாக ஒட்டி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைக் கீழ்விளிம்பில் நடுவே பிடித்து, தோள் உயரத்தில், இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பிக் காட்டுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், பக்கம் இருட்டாகிவிடும். பளபளப்பான தாள் என்றால் தலைக்கு நேர் மேலே எரியும் டியூப் லைட் படத்தை வெள்ளையடித்துவிடும். நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டாலே சரியாகும். கதையில் திரும்பத் திரும்ப வரும் வரி ஒன்று இருந்தால் மூன்றாவது முறை வாயை மூடிக்கொள்ளுங்கள். மொத்த அறையும் உங்களுக்கு முன்னால் அந்த வரியைக் கத்தும். இந்த வேலையில் இதற்கு ஈடான மகிழ்ச்சி வேறு இல்லை.

விற்பனை மேசையில் பிழைகள் சின்னச் சின்னதாக வரும். அடித்தளத்தில் இருக்கும் கிளப் ஹவுஸில் சிக்னல் கிடைக்காது, க்யூஆர் அட்டை இருந்தும் பணம் போகாது. விலை 150 என்றால் மீதி கொடுக்க ஐம்பது ரூபாய்த் தாள் பத்தாவது வைத்திருங்கள். கையெழுத்துக்கு ஜெல் பேனா வேண்டாம், பளபளப்பான ஆர்ட் தாளில் மை காயாமல் எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பால்பாயின்ட் பேனாவே போதும். குழந்தையின் பெயரைத் தமிழில் எழுதுமுன் துண்டுச் சீட்டில் பெற்றோரை எழுதித் தரச்சொல்லுங்கள். ஹர்ஷிதாவை ஹர்ஷித்தா என்று எழுதிவிட்டால் பிறகு திருத்த முடியாது, ஒரு பிரதி வீணாகும்.

பள்ளிக்குப் போனால் அன்றே விற்காதீர்கள். பணம் கொண்டுவராத பிள்ளை மற்றவர் கையைப் பார்த்து நிற்கும். இது ஒருபோதும் நடக்கக் கூடாது. ஒரு வாரம் முன்பே பெயர், வகுப்பு, விலை எழுதிய சீட்டை ஆசிரியர் வழியாக வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எல்லாப் பிள்ளைக்கும் வண்ணம் தீட்ட ஒரு தாள் கொடுங்கள், நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். வரைதாளிலும் சுவரொட்டியிலும் ஓவியர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். படப்புத்தகத்தில் பாதி அவர் வேலை. ஓவியங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. புத்தகக் கடைகள் நிறைந்த சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் ஆங்கிலப் புத்தகம்தான் ஓடும். இருமொழிப் பதிப்பு என்றால் கேட்டுப்பாருங்கள். விற்ற பிறகு பணம் என்ற முறையில்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். கடைக்கு 35 சதவீதக் கழிவு (கமிஷன்) என்றால் 150 ரூபாயில் உங்களுக்கு 97.50 வரும், அச்சுச் செலவும் ஓவியர் பங்கும் அதற்குள் அடங்க வேண்டும். ஐந்து பிரதிகளுக்கு மேல் வைக்காதீர்கள், எண்ணிக்கை எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத வழி கொலு. தாம்பூலப் பையில் வைக்கப் பொருள் தேடும் வீடுகள் ஏராளம். பத்துப் பிரதிக் கட்டுக்குத் தள்ளுபடி போட்டு, நவராத்திரிக்கு மூன்று வாரம் முன்பே குடியிருப்புக் குழுக்களில் சொல்லுங்கள். கடைக்குப் போகும் கழிவைவிடக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலே இரு தரப்புக்கும் லாபம். பிறந்தநாள் பரிசுப் பைக்கும் இதே கட்டு உதவும்.

வெளியூரிலிருந்து கேட்பவர்களுக்கு, 2025 மே மாதம் தொடங்கிய அஞ்சல் துறையின் ஞான் போஸ்ட் என்ற புத்தகம் அனுப்பும் வசதி இருக்கிறது. 300 கிராம் வரை கட்டணம் 20 ரூபாய், வரி தனி. தரைவழியாகவே போகும் என்பதால் நாட்கள் கூடும், பிறந்தநாளுக்கு என்று கேட்பவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். புத்தகத்தை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டுங்கள். மூலை மடங்காது, ஈரமும் உள்ளே போகாது.