டெல்லி – சான் பிரான்சிஸ்கோ: வான்தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடைப்பட்ட வான்தொலைவு சுமார் 12,380 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டு வகுத்தால் பதின்மூன்றே முக்கால் மணி நேரம் வருகிறது. கால அட்டவணையிலோ ஏறக்குறைய 16 மணி நேரம் இருக்கும். வகுத்தல் சரிதான், அந்தத் தூரத்தை அப்படியே எந்த விமானமும் பறப்பதில்லை என்பதே சிக்கல்.

சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பாதையை ஊகிப்பது முதல் தவறு. உலக உருண்டையின் மீது இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது டெல்லியிலிருந்து வடக்கே சற்றுக் கிழக்காகக் கிளம்பி, இமயமலையையும் சைபீரியாவையும் தாண்டி, ஆர்க்டிக் பெருங்கடலில் 75 பாகை வட அட்சத்தைத் தொட்டுவிட்டு அலாஸ்கா பக்கமாக இறங்குவதைக் காணலாம். ஆனால் திபெத்தியப் பீடபூமியின் மேல் பறக்கையில் விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், மூச்சுவிடத்தக்க 10,000 அடி உயரத்துக்கு இறங்க அங்கே வழியில்லை. தரையே அதைவிட உயரம். ஆகவே விமானங்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே செல்கின்றன.

குறைந்த தூரம் என்றால் குறைந்த நேரம் என்று நம்புவது அடுத்த தவறு. இதுவே பலரையும் ஏமாற்றுவது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இந்தத் தடத்தில் அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாகப் பறந்தது. தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர் கூடியும், பயணம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைந்தது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்று முதுகில் தள்ளியதே காரணம். பூமி சுழல்வதால் நகரம் விமானத்தை எதிர்கொண்டு வருகிறது என்ற விளக்கத்தை இன்றும் கேட்க முடிகிறது. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அது பொருந்தாது. இதே காற்றினால்தான் 2020 பிப்ரவரியில் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்கும் குறைவாகப் போய்ச் சேர்ந்தது. எனவே போகும் நேரத்தை இரட்டிப்பாக்கிப் போய்வரும் நேரமாகக் கொள்ளக் கூடாது.

பழைய அட்டவணையை நம்புவதும் ஆபத்து. 2022-இல் ரஷ்ய வான்வெளி அமெரிக்க நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும், யுனைடெட் நிறுவனம் இவ்விரு நகரங்களுக்கு இடையிலான நேரடிச் சேவையை நிறுத்திவிட்டது.

மைல் கணக்கிலும் கவனம் வேண்டும். விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர். 6,685 கடல் மைலைச் சாதாரண மைலாக எண்ணி மாற்றினால் 1,600 கிலோமீட்டருக்கு மேல் காணாமல் போய்விடும்.

பயணச்சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள் என்பதை மறந்து நேரடியாகக் கழிப்பவர்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் இந்தியாவுக்கு 13½ மணி நேரமும், கோடையில் 12½ மணி நேரமும் பின்தங்கியது. குளிர்காலத்தில் டெல்லியில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி 16 மணி நேரம் பறப்பவர், அதே நாள் காலை 6.30-க்கு அங்கே இறங்குவார். திரும்புகையில் திங்கள் இரவு 9 மணிக்குப் புறப்பட்டால், பறக்கும் நேரம் அதே 16 மணி என்று வைத்துக்கொண்டாலும், டெல்லியில் இறங்குவது புதன் அதிகாலை 2.30-க்கு, அழைத்துச் செல்ல வருபவரிடம் செவ்வாய் இரவு உறங்காமல் வரவேண்டும் என்று சொல்லிவைப்பது நல்லது.