வணிகக் கட்டட ஆய்வில் இளம் பொறியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், கட்டட விதிமீறல்களைக் கவனிக்கும் அமலாக்கப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு உதவிப் பொறியாளர்கள் தாங்கள் எழுதிய வரைவு நோட்டீஸ் ஒன்றை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். பணியில் இருந்தபோது நான் எழுதிய பழைய நோட்டீஸையே மீண்டும் படிப்பது போலிருந்தது. புல எண்ணை மாற்றி எழுதுவது, அளவைத் தவறாகக் குறிப்பது போன்ற பிழைகளை மேலதிகாரியே திருத்திவிடுவார் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கூடுதல் மாடியையும் அடைபட்ட படிக்கட்டையும் ஒரே நோட்டீஸில் சேர்ப்பது

பத்தாண்டுகளுக்கு முன், ஒரு மாவட்டத் தலைநகரின் கடைவீதியில் நான்கு மாடி ஜவுளிக் கடை ஒன்றை ஆய்வு செய்தேன். பின்பக்கப் படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் சேலைக் கட்டுகள் இடுப்பளவுக்கு அடுக்கப்பட்டிருந்தன. படி இறங்கி முடியும் இடத்திலிருந்த இரும்புக் கதவில் தொங்கிய பூட்டின் சாவித்துளையைப் பெயின்ட் அடைத்திருந்தது. சாவியைக் கேட்டேன். முதலாளி வீட்டில் இருக்கலாம் என்றார் காவலாளி.

நான் பதினான்கு மீறல்களைப் பட்டியலிட்டு ஒரே நோட்டீஸாக அனுப்பினேன். பக்க இடைவெளி இல்லாதது முதலாவதாகவும், அனுமதியின்றிக் கட்டிய மேல்தளம் இரண்டாவதாகவும், அந்தப் படிக்கட்டு பதினொன்றாவதாகவும் இடம்பெற்றன. உரிமையாளர் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 80-அ பிரிவின்கீழ் அரசிடம் மேல்முறையீடு செய்தார். நீதிமன்றத்தில் தடையாணையும் பெற்றார். அந்தத் தடையாணை நோட்டீஸ் முழுவதையும் நிறுத்திவைத்ததால், படியை மட்டுமாவது காலி செய்யுங்கள் என்று சொல்லப் போன நான், ஆணையின் நகலை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. பதினான்கு மாதங்கள் கழித்து மூன்றாம் தளத்தில் மின்கசிவு ஏற்பட்டுப் புகை பரவியபோது, வாடிக்கையாளர்களும் ஊழியர்களும் முன்படி ஒன்றின் வழியாகவே முண்டியடித்து இறங்கினார்கள். விற்பனைப் பிரிவிலிருந்த ஒரு பெண் கீழே விழுந்து கால் முறிந்தது. பின்படியில் அன்றும் சேலைக் கட்டுகள் இருந்தன. அந்தப் படியைப் பதினொன்றாவதாக எழுதியவன் நான் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

இது என் அனுபவத்தில் மட்டும் நடந்ததன்று. தில்லி உப்ஹார் திரையரங்கின் உரிமம் 1983-இல் பாதுகாப்புக் குறைபாடுகளுக்காக நிறுத்திவைக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்று, தற்காலிக அனுமதிகளைக் கொண்டே அது ஆண்டுக்கணக்கில் படம் ஓட்டியது. 1997 ஜூன் 13 அன்று தீப்பிடித்தபோது, கூடுதல் இருக்கைகளால் நடைவழி அடைபட்டிருந்த பால்கனியிலிருந்து வெளியேற முடியாமல் போனவர்கள் உட்பட 59 பேர் இறந்தார்கள்.

ஆகவே இரண்டு கோப்புகளாகப் பிரியுங்கள். திட்ட அனுமதி மீறல், முறைப்படுத்தல் விண்ணப்பம், மேல்முறையீடு ஆகியவை ஒரு கோப்பில் தம் போக்கில் நடக்கட்டும். பூட்டிய கதவு, அடைத்த படி, தண்ணீர் வராத தீயணைப்புக் குழாய் ஆகியவற்றுக்குத் தீயணைப்புத் துறையினருடன் கூட்டாய்வு செய்து, தேதியும் நேரமும் பதிந்த படங்களோடு தனி நோட்டீஸ் கொடுங்கள். மேல்தளம் பற்றித் தடையாணை வந்தாலும் படிக்கட்டு அதற்குள் சிக்காது. கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்: 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி மேல்தள விற்பனைப் பகுதியில் 6 சதுர மீட்டருக்கு ஒருவர், ஒருவருக்குப் படி அகலம் 10 மில்லிமீட்டர் என்று கொண்டால், 900 சதுர மீட்டர் தளத்தில் 150 பேர் இறங்க ஒன்றரை மீட்டர் அகலம் வேண்டும். இவ்வளவு தெளிவாக எழுதிய நோட்டீஸை எதிர்த்து வாதாடுவது கடினம்.

உயரம் குறைவு என்பதால் விட்டுவிடுவது

தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டருக்கு மேற்பட்டதே உயரமான கட்டடம் என்பதால், அதற்குக் கீழே உள்ளவற்றை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் இறந்த பள்ளி உயரமான கட்டடம் அன்று.

உரிமையாளருக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்புவது

சாவி வாடகைதாரரிடம் இருக்கிறது. அவருக்கும் அனுப்புங்கள்.

ஆய்வுக்கு வருவதைத் தொலைபேசியில் தெரிவிப்பது

வேண்டாம்.

மறு ஆய்வை வேலை நாள் காலையில் வைத்துக்கொள்வது

காலை பதினோரு மணிக்குப் படிக்கட்டு காலியாகத்தான் இருக்கும். தீபாவளிச் சரக்கு இறங்கி, கிடங்கில் இடமில்லாமல் போகும்போதுதான் கட்டுகள் மீண்டும் படியேறுகின்றன. கூட்டமும் அதே நாட்களில்தான் வருகிறது. அந்த இரண்டு பொறியாளர்களும் நோட்டீஸை இரண்டாகப் பிரித்து அனுப்பிவிட்டார்கள். மறு ஆய்வுக்கு அவர்கள் குறித்திருப்பது தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, மாலை ஏழு மணி.