முகூர்த்தத்துக்கு முன் புருவம்: எதை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது

கல்யாண சீசனில் சேலம் பார்லர்களில் அடிக்கடி காதில் விழுவது, "கொஞ்சம் மெலிசா எடுத்து விடுங்கக்கா" என்பதுதான். கேட்டபடியே எடுத்துவிட்டால், ஆல்பத்தில் பெண் எப்போதும் திடுக்கிட்ட மாதிரியே இருப்பாள். முடி முளைத்து வருவதற்குள் மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்துவிடும்.

நெற்றித் தசை புருவத்தைத் தூக்கும். இரு புருவத்துக்கும் நடுவில் உள்ள தசை அதை உள்ளே இழுத்து நெரிக்கும். கோபம், கவலை, வியப்பு எல்லாம் முதலில் தெரிவது இங்கேதான். நாட்டிய சாஸ்திரம் புருவ அசைவுகளை மட்டும் ஏழாகப் பிரித்துச் சொல்கிறது. 2003-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பிரபலங்களின் படங்களில் ஒரு முறை கண்களையும் ஒரு முறை புருவங்களையும் அழித்துக் காட்டினார்கள். புருவம் இல்லாத முகங்களை அடையாளம் காணத்தான் பார்த்தவர்கள் அதிகம் திணறினார்கள்.

புருவத்தின் சாய்வு மாறினால், சும்மா இருக்கும்போதே முகத்தில் ஒரு உணர்ச்சி ஒட்டிக்கொள்ளும். மூக்குப் பக்கத் தலைப்பில் மேல்முடியை எடுத்தால் அந்த முனை தாழ்ந்து சிடுசிடுப்பு வரும். அதே இடத்தில் கீழ்முடியை எடுத்தால் முனை ஏறி, அழப்போகிற முகமாகிவிடும். வால் கீழே தொங்கினால் தூங்காத களைப்பு. அதனால் தலைப்பைத் தொடவே வேண்டாம். இரு புருவத்துக்கும் நடுவில் உள்ளதை மட்டும் எடுத்தால் போதும்.

அளவு எடுக்கும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். கண்ணாடியைப் பார்த்ததும் பலர் தங்களை அறியாமலே புருவத்தைத் தூக்குவார்கள். கண்ணை மூடி, மூச்சை விட்டு, மெல்லத் திறந்த பிறகு தெரிவதுதான் உண்மையான இடம். ஒரு பென்சிலை மூக்கு மடலின் ஓரத்தில் நேராக நிறுத்தினால் அது தொடும் இடம் தொடக்கம். அங்கிருந்தே கருவிழியின் வெளி விளிம்பு வழியாகச் சாய்த்தால் வளைவின் உச்சி. கண்ணின் வெளிமுனை வழியாகச் சாய்த்தால் வால் முடிவு. மூன்று இடத்திலும் வெள்ளைப் பென்சிலால் புள்ளி வையுங்கள். வாலின் நுனி தொடக்கத்தின் அடிவிளிம்பை விடக் கீழே இறங்கக் கூடாது.

இனி நூல். பருத்தித் தையல் நூல் இரண்டடி போதும், ஒவ்வொருவருக்கும் புதிதாக. வாயில் கடித்து இழுப்பதை விட, இரு முனையையும் முடிந்து வளையமாக்கி, நடுவில் எட்டு முதல் பத்து முறுக்குப் போட்டுக் கைகளாலேயே எடுப்பது சுத்தம். லேசாகப் பவுடர் தடவினால் வியர்வை வற்றி நூல் வழுக்காது. உட்கார்ந்திருப்பவர் ஒரு கையால் இமையைக் கீழேயும் மறு கையால் நெற்றியை மேலேயும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். தோல் தளர்ந்தால் நூல் தோலையும் சேர்த்துக் கவ்வி, சின்னச் சின்னக் கீறல் விழும். முடி வளரும் திசைக்கு எதிராக இழுங்கள், ஒரு இழுப்புக்கு இரண்டு மூன்று முடி மட்டும். ஒரே வீச்சில் வரிசையாக இழுக்கும்போதுதான் நடுவில் ஓட்டை விழுகிறது.

ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். இங்கே ஐந்து முடி, அங்கே ஐந்து முடி. நடுநடுவே தலையை நிமிர்த்திப் பாருங்கள். சாய்ந்த நிலையில் சரியாகத் தெரியும் கோடு நிமிர்ந்ததும் இடம் மாறும். மேல் வரிசையில் ஓடித் திரியும் பூனைமுடியை மட்டும் எடுக்கலாம். நீளமான முடியைப் பிடுங்க வேண்டாம். சிறு பிரஷால் மேலே சீவி, கோட்டைத் தாண்டும் நுனியை ஒவ்வொன்றாகக் கத்தரித்தாலே பாதி அடர்த்தி குறைந்த மாதிரி தெரியும்.

நாள் கணக்கு முக்கியம். நலங்குக்கு இரண்டு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். அன்றே எடுத்த தோலில் மஞ்சள் பூசினால் எரியும், பொரியும். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) கிரீம் போடுபவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையேல் தோல் உரியும். எடுத்ததும் துணியில் சுற்றிய ஐஸ், பிறகு கற்றாழை ஜெல். ஏற்காட்டில் மார்கழிக் குளிரில் தோல் வறண்டு கிடக்கும். முந்தின இரவே மாய்ஸ்சரைசர் தடவி, காலையில் துடைத்துவிட்டு எடுங்கள்.

கருமுடிக்கும் கறுப்புப் பென்சில் வேண்டாம், அடர் பழுப்பே இயல்பாக இருக்கும். வாலில் தொடங்கி முடி முடியாகக் கீறுங்கள். சித்திரை, வைகாசியில் சேலத்து மண்டபத்தில் ஹோமப் புகையோடு வியர்வையும் வழியும். தண்ணீரில் கரையாத பென்சிலும் மேலே ஒரு தொடல் பவுடரும் இல்லாவிட்டால் தாலி ஏறும் முன்பே வால் அழிந்துவிடும்.

ஏற்கெனவே மெலிந்துபோனவர்கள் மூன்று நான்கு மாதம் நூலே படாமல் விட வேண்டும். விளக்கெண்ணெய் முடியைப் பளபளப்பாக்கும். புதிதாக முளைக்க வைக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். எடுக்காமலே வெளிப்பாதி தானாகக் கொட்டினால் அது பார்லர் வேலை இல்லை. தைராய்டுக் குறைவாகவோ தொழுநோயாகவோ கூட இருக்கலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு தோல் மருத்துவரிடமோ உடனே காட்டுங்கள்.